சட்டியில் அணைந்த தீ ஏன் மறுபடி பற்றியது?

ஈரோடு மாவட்டத்தின் ஒரு சிறு நகரத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவரும் இவரும் சேர்ந்து மெஸ் நடத்துகிறார்கள். பகலில் சாப்பாடு, மாலையில் பஜ்ஜி, போண்டா, நேந்திரங்காய் சிப்ஸ். கீழே கடை, மாடியில் குடும்பம். பின்பக்கம் கீற்றுக் கொட்டகையில் விறகு அடுப்பு, முன்பக்கம் பில் போடும் கம்ப்யூட்டரும் இன்வெர்ட்டரும், மாடிப்படிக்கு அடியில் மகனின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மாலை, மாஸ்டர் லீவு. உதவிக்கு இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் சிப்ஸ் சட்டியைக் காயவைத்துவிட்டு வெளியே யாரோ கூப்பிட்டதால் போயிருக்கிறான். திரும்பி வந்தபோது எண்ணெய் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. சுவரில் இருந்த தீயணைப்பானை எடுத்து அடித்தான், தீ அணைந்தது. எல்லோரும் மூச்சு விடுவதற்குள் மறுபடி குப்பென்று பற்றியது. மறுபடி அடித்தான், மறுபடி பற்றியது. கடைசியில் ஒருவர் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு சாக்கைக் கொண்டுவந்து சட்டி மேல் வீச, தீ கூரை வரை எழும்பியது. பையனின் வலது கை வெந்துபோனது. அவசரத்தில் பற்பசை தடவினார்களாம். நல்லவேளை, தெருக்காரர் ஒருவர் கேஸை மூடிவிட்டார், தீ சட்டியோடு நின்றது.

இப்போது கேள்விகள். கடைக்காரர் போலித் தீயணைப்பானை விற்றுவிட்டாரா? பாதி மிச்சம் இருப்பதை மறுபடி மாட்டி வைக்கலாமா? புதிதாக வந்த விற்பனையாளர் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் நான்கும், அடுப்புக்கு மேலே தொங்கவிட, தீ பட்டால் தானாக வெடித்து மருந்தைத் தூவும் ஒரு 'தீப்பந்தும்' வாங்கச் சொல்கிறார், வாங்கலாமா? மாவும் மசாலாப் பொடியும் மேலே வெள்ளைத் தூள் படிந்து கிடக்கின்றன, சலித்துவிட்டுப் பயன்படுத்தலாமா? நஷ்டத்தைப் பையன் சம்பளத்தில் பிடிக்கலாம் என்கிறார் கணவர், சரியா?

தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் தீத்தடுப்புப் பயிற்சி தரும் அலுவலரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் தம்பியின் கை. கொப்புளம் உடைந்த இடம் மூன்று வாரம் ஆகியும் ஈரமாக இருந்தால், விரல் மடக்கக் கஷ்டமாக இருந்தால், இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சிகிச்சைச் செலவு உங்கள் பொறுப்பு. தீக்காயத்துக்குப் பற்பசை, பேனா மை, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீருக்கு அடியில் கையை இருபது நிமிடம் பிடிப்பதுதான் முதல் மருந்து. மோதிரம், கயிறு இருந்தால் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிட வேண்டும். அப்புறம் சுத்தமான துணியை லேசாகப் போர்த்தி 108-ஐக் கூப்பிட வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் இதை எழுதி ஒட்டுங்கள்.

சம்பளத்தில் பிடிக்கும் பேச்சை விட்டுவிடுங்கள். ஊழியரின் கவனக்குறைவால் வந்த நஷ்டம் என்றால்தான், அதுவும் அவர் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான், சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. காய்கிற எண்ணெயை விட்டுவிட்டுப் போனது தப்புதான், அதைச் சொல்லித் திருத்துங்கள். ஆனால் தனியாளாக அடுப்படியில் நின்றவனை வெளியே கூப்பிட்டது யார் என்றும் பாருங்கள். தீ வந்த பிறகு அவன் ஓடவில்லை, நீங்கள் மாட்டி வைத்திருந்ததை எடுத்து அடித்தான். அதை எப்படி, எவ்வளவு தூரத்தில் நின்று அடிப்பது என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எண்ணெய்த் தீக்கு அது சரியான கருவியும் இல்லை.

தீ ஏன் திரும்பி வந்தது

நீங்கள் அனுப்பிய படத்தில் லேபிள் தெளிவாகத் தெரிகிறது. ஏபிசி பவுடர், 4 கிலோ, ஐஎஸ் 15683 என்ற இந்தியத் தர எண் முத்திரை, தயாரிப்பு 2019. போலி என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. அது செய்யக்கூடியதைச் செய்தது. முடியாததை அதனிடம் எதிர்பார்த்தோம், அவ்வளவுதான்.

சமையல் எண்ணெய் சூடாகிச் சூடாகி முதலில் புகையும். அதையும் தாண்டிச் சுமார் 350 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அடுப்புத் தீ மேலே படாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் தீயிலிருந்து எண்ணெய்த் தீ வேறுபடுவது இங்கேதான். பவுடர் தீச்சுவாலையை நொடியில் அடக்கிவிடும், ஆனால் எண்ணெயைக் குளிர்விக்காது. உங்கள் சிப்ஸ் சட்டி கனத்த இரும்பு. கேஸும் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. பவுடர் புகை அடங்கியதும் காற்று உள்ளே வந்தது. எண்ணெய் அதே சூட்டில் இருந்ததால் மறுபடி பற்றியது. இன்னும் பத்து கிலோ பவுடர் இருந்திருந்தாலும் இதே கதைதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஏபிசி பவுடரில் இருப்பது மோனோ அமோனியம் பாஸ்பேட். அது எண்ணெயோடு சேர்ந்து எதுவும் ஆகாது. பொட்டாசியம் உப்புக் கரைசல் கொண்ட 'வெட் கெமிக்கல்' தீயணைப்பான் அப்படியில்லை. மெல்லிய தூறலாகக் கொதிக்கும் எண்ணெய் மேல் விழுந்து, அதோடு கலந்து சோப்பு நுரையாக மாறிவிடும். அந்த நுரை ஒரு படலமாக மேலே நின்று காற்றை மறைக்கும், எண்ணெயின் சூட்டையும் இறக்கும். சட்டித் தீக்கென்றே வந்த மருந்து இது.

அந்த ஈரச் சாக்கு. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், "பள்ளிக்கூடத்தில் தீயணைப்புக்காரர்கள் செய்து காட்டியதைப் பார்த்துத்தான் அவர் போட்டார்" என்று. எங்கள் துறையினர் காட்டுவது கேஸ் சிலிண்டர் வாயில் எரியும் தீயை ஈரச் சாக்கால் மூடி, வால்வை அடைக்கும் முறையை. அங்கே எண்ணெய் இல்லை. கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் அது எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடிக்குப் போகும். போன நொடியே ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் சுமார் 1700 மடங்கு இடம் கேட்கும். அந்த ஆவி எண்ணெயைத் துளித்துளியாகக் கிழித்து மேலே தூக்கி எறியும். எரிகிற எண்ணெய் அப்படி மேலே போனதைத்தான் நீங்கள் கூரையில் பார்த்தீர்கள். சாக்கைப் போட்டவர் நல்ல மனதோடுதான் போட்டார், அவரையும் திட்டாதீர்கள்.

ஏ, பி, சி என்ற எழுத்துகள்

ஏபிசி என்றால் 'எல்லாவற்றுக்கும்' என்று உங்கள் கணவர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. விற்பவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் எரியும் பொருளைச் சொல்கிறது. மரம், துணி, காகிதம், கீற்று போன்று கரியாகி எரிபவை ஏ. பெட்ரோல், டீசல், பெயிண்ட், தின்னர் போன்ற திரவங்கள் பி. சமையல் கேஸ் போன்ற வாயுக்கள் சி. மெக்னீசியம், சோடியம் போன்ற உலோகங்கள் டி. இந்த டி தொழிற்சாலைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் உரியது, உங்களுக்கு வேண்டாம். சமையல் எண்ணெய்க்குத் தனி எழுத்து, எஃப். அமெரிக்க முறையில் அதையே கே என்பார்கள். நம் கடைகளில் இரண்டு பெயரிலும் விற்கிறது. ஏபிசி என்று எழுதியிருக்கும் லேபிளில் எஃப் இல்லை. உங்கள் கேள்விக்கு அதுதான் பதில்.

இணையத்தில் பார்த்துக் குழம்ப வேண்டாம் என்பதற்காக இன்னொன்று. அமெரிக்க வீடியோக்களில் சி என்றால் மின்சாரத் தீ. நம் நாட்டில் சி என்றால் வாயு. மின்சாரத்துக்கு இங்கே தனி வகுப்பு கிடையாது. மின்சாரம் தீயை மூட்டும், எரிவது வயரின் மேலுறையோ மேஜையோதான். மெயினை அணைத்துவிட்டால் அது சாதாரணத் தீ. அணைக்க முடியாதபோது மின்சாரம் கடத்தாத மருந்து வேண்டும், அவ்வளவே.

நம் ஊரில் விற்பவை பெரும்பாலும் சிவப்பு நிறமே. தண்ணீர், நுரை, பவுடர், கார்பன் டை ஆக்சைடு என்று எதுவானாலும் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். ஆகவே நிறத்தை நம்பாமல் லேபிளைப் படிக்க வேண்டும். ஒரு அடையாளம் சொல்கிறேன்: கறுப்பாக அகன்ற கொம்பு மாதிரி வாய் இருந்து, அழுத்தம் காட்டும் முள் இல்லாவிட்டால் அது கார்பன் டை ஆக்சைடு.

உங்கள் கடைக்கு என்ன தேவை

எது நல்ல தீயணைப்பான் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே எரியக்கூடியது என்னென்ன என்று முதலில் கேளுங்கள். உங்கள் கடையில் அது ஐந்து விதம்.

எண்ணெய்ச் சட்டி. இதற்கு ஒரு வெட் கெமிக்கல் தீயணைப்பான் வேண்டும். விலை பவுடரைவிட அதிகம்தான், ஆனாலும் நாள் முழுக்கச் சட்டி காயும் கடைக்கு இதைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். அதற்கும் முன்னால், நாளைக்கே பட்டறையில் சொல்லி, சட்டியைவிடப் பெரிய ஒரு இரும்புத் தகட்டு மூடி செய்து வாங்குங்கள். நீளமான கைப்பிடி வேண்டும். சட்டி பற்றினால் கேஸை மூடுவது முதல் வேலை. பிறகு மூடியைக் கேடயம்போல முன்னால் பிடித்து, நம் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகத் தள்ளி மூட வேண்டும். மேலிருந்து பொத்தென்று போடக் கூடாது. மூடியதைக் குறைந்தது ஒரு மணி நேரம் திறந்து பார்க்கக் கூடாது. அணைந்துவிட்டதா என்று தூக்கிப் பார்த்துத்தான் பலர் முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள். எரிகிற சட்டியை யாரும் நகர்த்தவும் கூடாது.

கேஸ். இதில் ஒரு விதி பலருக்குத் தெரியாது. கசிந்து எரியும் கேஸை, வால்வை மூட வழி இல்லாதபோது அணைக்கக் கூடாது. அணைத்துவிட்டால் தீ போய்விடும், கசிவு நிற்காது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் படிந்து சாக்கடைக்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் சேரும். ஒரு பொறி போதும், கடையே இருக்காது. வால்வை எட்ட முடிந்தால் பவுடரால் தீயை அடக்கி உடனே வால்வை மூடலாம். எட்ட முடியாவிட்டால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101-ஐக் கூப்பிடுங்கள். கசிவு வாடை மட்டும் என்றால் சுவிட்சைத் தொடாமல், இருக்கும் தீ எல்லாவற்றையும் அணைத்து, கதவைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐக் கூப்பிடுங்கள். உங்களிடம் இருக்கும் ஏபிசி பவுடர் கேஸுக்குச் சரியானதுதான். அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

கம்ப்யூட்டரும் இன்வெர்ட்டரும். இங்கேதான் கார்பன் டை ஆக்சைடுக்கு வேலை. 2 கிலோ ஒன்று போதும். அது தூள் படிய விடாது, மின்சாரமும் கடத்தாது. பவுடரால் அணைத்தால் தீ போகும், ஆனால் அந்தத் தூள் ஈரத்தை இழுத்து போர்டுகளை அரித்துவிடும். கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும்போது கொம்பு உறைபனிக்கும் கீழே சில்லிட்டுப் போகும். வெறும் கையால் கொம்பைப் பிடிக்கக் கூடாது, கைப்பிடியைத்தான் பிடிக்க வேண்டும். சின்ன அறையில் அடித்தால் மூச்சுக்குக் காற்று போதாது. அடித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

கீற்றுக் கொட்டகை. இதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. எனக்கு அதிகக் கவலை இதில்தான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். காய்ந்த கீற்றில் தீ ஏறிவிட்டால் எந்தத் தீயணைப்பானும் ஈடு கொடுக்காது. விறகு அடுப்புக்கு மேலே கீற்றே இருக்கக் கூடாது. தகரமோ சிமென்ட் ஷீட்டோ போடுங்கள். வெட் கெமிக்கல் வாங்கும் பணமா, கூரை மாற்றும் பணமா என்றால் கூரையை முதலில் மாற்றச் சொல்வேன். அதுவரை ஒரு டிரம் தண்ணீரும் இரண்டு வாளி மணலும் கொட்டகையில் இருக்கட்டும். அவை விறகுக்கும் கீற்றுக்கும்தான், சட்டிக்கு அல்ல. வாளியிலேயே பெயிண்ட்டால் 'எண்ணெயில் ஊற்றாதே' என்று எழுதிவிடுங்கள்.

ஸ்கூட்டர். மாடிப்படிக்கு அடியில் சார்ஜ் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். லித்தியம் பேட்டரி ஒருமுறை உள்ளே எரியத் தொடங்கினால் ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைப் பற்றவைக்கும். வெளியிலிருந்து பவுடரோ கார்பன் டை ஆக்சைடோ அடித்தால் சுவாலை ஒரு நிமிடம் அடங்கலாம், உள்ளே நடப்பது நிற்காது. வரும் புகையும் விஷம். நிறையத் தண்ணீர் விட்டுக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதுதான் வழி, அது தீயணைப்பு வண்டி செய்ய வேண்டிய வேலை. மாடியில் தூங்கும் குடும்பத்துக்கு இறங்கி வர இருப்பது அந்த ஒரே படி. வண்டியை வெளியே, படிக்கும் வாசலுக்கும் தள்ளி நிறுத்தி, ஆள் விழித்திருக்கும் நேரத்தில் அதற்கென்று வந்த சார்ஜரால் மட்டும் சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

விற்பனையாளர் சொன்னவை

கார்பன் டை ஆக்சைடு நான்கு வேண்டாம். அதன் வேகமான வீச்சு எரிகிற எண்ணெயைச் சட்டிக்கு வெளியே தெறிக்க வைக்கும். கீற்றிலும் விறகிலும் கனலை அணைக்காது, காற்று பட்டதும் திரும்பப் பற்றும். ஒன்று போதும், அதுவும் முன்பக்கம்.

தீப்பந்துக்குள் இருப்பதும் பெரும்பாலும் உங்கள் தீயணைப்பானில் இருந்த அதே பவுடர்தான். சட்டிக்கு மேலே அது வெடித்தால் தீ மறுபடி பற்றும் சங்கதி அப்படியே இருக்கும், கூடவே எண்ணெயும் சிதறலாம். ஆள் இல்லாத மீட்டர் அறை போன்ற இடத்துக்கு அதில் ஓரளவு பயன் உண்டு. உங்கள் அடுப்புக்கு மேல் வேண்டாம்.

பழையது காலாவதி, முந்நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். கொடுக்காதீர்கள். நம் நாட்டு நெறிமுறைப்படி பவுடர் தீயணைப்பானின் ஆயுள் 10 ஆண்டு, கார்பன் டை ஆக்சைடுக்கு 15 ஆண்டு. உங்களுடையது 2019-இல் வந்தது. மருந்தை மாற்றி அழுத்தச் சோதனை செய்து தொடர்ந்து பயன்படுத்தலாம்.

ஆனால் 'பாதி மிச்சம்' என்று அதை அப்படியே மாட்டி வைக்கக் கூடாது. ஒரு நொடி அடித்தாலும் வால்வின் இருக்கையில் தூள் சிக்கிக்கொள்ளும், அந்த இடுக்கு வழியாக வாயு மெல்லக் கசிந்துவிடும். இன்றைக்கு முள் பச்சையில் நிற்கும். சில நாளில் சிவப்புக்கு இறங்கிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். கை வைத்தால் ரீபில், இதில் சலுகை இல்லை. ரீபில் செய்பவர் உங்கள் கண் முன்னே பழைய தூளைக் கொட்டிப் புதிதை எடை போட்டு நிரப்புகிறாரா என்று பாருங்கள். மேலே துடைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடில் முள் கிடையாது என்பதால் எடைதான் கணக்கு. உடலில் பொறித்திருக்கும் காலி எடையோடு ஒப்பிட்டால், நிரப்பியதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்பியாக வேண்டும்.

மாவும் மசாலாவும் பற்றி: திறந்து கிடந்தவை எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். அந்தத் தூள் மாவைவிட நைசாக இருக்கும், சல்லடையில் தங்காது. மூடியிருந்த டப்பாக்களை வெளியே துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். பாத்திரங்களையும் அடுப்பையும் முதலில் உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பர்னரின் இடுக்கில் தூள் தங்கினால் அரிக்கும்.

சட்டமும் காப்பீடும்

அவசரத்துக்கு வீட்டுச் சிலிண்டரை மாட்டுவதுண்டு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். 2000-ஆம் ஆண்டு எரிவாயு விநியோக ஆணை அதைத் தடுக்கிறது. தீ விபத்துக்குப் பிறகு ஆய்வுக்கு வருபவர் கண்ணில் அது பட்டால் காப்பீட்டுத் தொகைக்கும் சிக்கல் வரும். 19 கிலோ சிலிண்டரில் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 100 கிலோ வரைதான் வைக்கலாம், அதாவது 19 கிலோவில் ஐந்து. காலியோ நிறையோ, அடுப்பிலிருந்து விலகி, காற்றோட்டமாக, நிமிர்ந்து நிற்கட்டும்.

சிறு தொழில்களுக்கென்று 2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற ஒரே மாதிரியான தீக் காப்பீட்டுத் திட்டத்தை எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். உங்களிடம் என்ன பாலிசி இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். தீயணைப்பான் வாங்கிய பில், ரீபில் ரசீது, சோதனைத் தேதி எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, கடையில் அல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம், 1985-இன் கீழ் உங்கள் கடைக்கு என்ன உரிமம் வேண்டும் என்பதை உங்கள் ஊர் நிலைய அலுவலரிடமே நேரில் கேளுங்கள். பயப்பட வேண்டியதில்லை. கடைக்காரர் தானாக வந்து கேட்டால் எங்கள் ஆட்களுக்குச் சந்தோஷம்தான்.

எடுப்பதா, ஓடுவதா

உங்கள் தீயணைப்பான் கேஸ் அடுப்புக்குப் பின்னால், மசாலா அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டிய இடம் அது. வெளியேறும் வாசலுக்குப் பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில் மாட்டுங்கள். எடுக்கப் போகிறவர் வாசலை நோக்கிப் போவார், எடுத்துத் திரும்பும்போது தப்பிக்க வழி முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

அடிக்கும் முறை எளிது. பின்னை இழுத்து எறிய வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, சுவாலையைப் பார்க்காமல் தீயின் அடியைப் பார்த்துக் குழாயைப் பிடிக்க வேண்டும். அழுத்தி, இடமிருந்து வலமாக வீச வேண்டும். 4 கிலோ பவுடர் சில விநாடிகள்தான் வரும். இருபதை எண்ணுவதற்குள் காலியாகிவிடும். அதற்குள் அடங்காவிட்டால் கீழே போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். தீ ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டாலோ, கூரையைத் தொட்டுவிட்டாலோ, புகையில் எதிரே இருப்பவர் தெரியாவிட்டாலோ எடுக்கவே வேண்டாம். மாடியில் இருப்பவர்களைக் கூப்பிட்டு இறக்கிவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள். தீயைத் தானே அணைத்துவிடலாம் என்று பத்து நிமிடம் போராடிய பிறகுதான் பல பேர் எங்களைக் கூப்பிடுகிறார்கள். முதல் நிமிடத்திலேயே ஒருவர் போன் செய்ய, மற்றவர் அணைக்கப் பார்க்கலாம். வண்டி வந்து சேர்வதற்குள் தீ அணைந்திருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி நின்ற கப்பல் வெடித்தபோது, அணைக்கப் போன வீரர்கள் பலர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக நடக்கும் அந்த வாரத்தில் எங்கள் நிலையங்கள் தெருவுக்குத் தெரு செய்து காட்டுகின்றன. அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் மற்ற நாட்களிலும் வந்து சொல்லிக்கொடுப்பார்கள். பக்கத்து டீக்கடை, பேக்கரி ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாதி மிச்சத்தை ரீபில்லுக்கு அனுப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கடை மூடிய பிறகு எல்லோரும் வெட்ட வெளிக்குப் போங்கள். முள் இன்னும் பச்சையில் இருந்தால், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, மாஸ்டர், உங்கள் கணவர், நீங்கள், உங்கள் மகன் என்று ஆளுக்கு ஓரிரு நொடி அழுத்திப் பாருங்கள். அந்தச் சத்தம் எப்படி இருக்கும், குழாய் கையில் எப்படித் துள்ளும், எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதெல்லாம் கையில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். முள் இறங்கிவிட்டிருந்தால், பின்னை எப்படி இழுப்பது என்றாவது ஆளுக்கொரு முறை செய்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.